கதையில வசனம் எழுதப் போறீங்களா, மொதல்ல கேக்கற ஆளப் பாருங்க

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா கதை கேக்கறதுல அவங்கள மாதிரி ஒரு ஆள நான் இன்னும் பாக்கல. மொத மொதல்ல எழுதின கதைய அவங்களுக்குத்தான் படிச்சுக் காட்டினேன், சேலம் கொண்டலாம்பட்டி வீட்டுத் திண்ணையில, சாயங்கால நேரம், அவங்க அவரக்கா நார் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கதையில ஒரு அம்மா முழுசா ஒரு பக்கத்துக்குப் பேசுவாங்க, புருஷன் குடிக்கறது, தோடு அடகுல கெடக்கறது, பையன் படிப்ப விட்டது எல்லாம் வரும். கடைசி வரைக்கும் கேட்டுட்டு ஆயா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "அது சரி கண்ணு, இத்தனையும் அவ யாருகிட்ட சொல்றா?"

பக்கத்து வீட்டு அக்காகிட்டன்னேன். "பக்கத்து வீட்டுக்காரிகிட்ட தோடு அடகுல இருக்குதுன்னு எவளாச்சும் சொல்லுவாளா?"ன்னாங்க. அவ்வளவுதான், மறுபடியும் அவரக்காய எடுத்துக்கிட்டாங்க.

அந்தக் கேள்விய நான் இத்தனை வருஷமா கையில வச்சுக்கிட்டுதான் எழுதறேன். புதுசா எழுத வர்றவங்க எங்கிட்ட வசனம் இயல்பா வரலைன்னு சொல்றப்ப எல்லாம் அதேதான் கேக்கறேன், யாருகிட்ட பேசறாங்க? கேரக்டர் எப்படிப்பட்ட ஆளு, எந்த ஊரு, என்ன படிச்சிருக்காருன்னு ரெண்டு பக்கம் குறிப்பு எழுதி வச்சிருப்பாங்க, எதிர்ல உக்காந்து கேக்கறது யாருன்னு ஒரு வரி இருக்காது. ஆனா நம்ம வாயில வர்ற வார்த்தைய பாதிக்கு மேல முடிவு பண்றது எதிர்ல இருக்கற அந்த ஆளுதான்.

இது புதுசா நான் கண்டுபிடிச்ச விஷயம் இல்லீங்க. தொல்காப்பியத்துல செய்யுளியல்னு ஒரு பகுதி, அதுல செய்யுளுக்கு 34 உறுப்பு சொல்றாரு, மாத்திரை, எழுத்து, அசைன்னு ஆரம்பிச்சுப் போற அந்தப் பட்டியல் நடுவுல கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம்னு வரிசையா வரும். யார் சொல்றா, யார் கேக்கறா, எந்த இடம், எந்த நேரம், எதுக்காக, உடம்புல என்ன தெரியுது, சொல்லாம விட்டது என்ன. முன்னம்ங்கறது இந்த இடத்துல இந்தப் பேச்சு இவங்க இவங்ககிட்டப் பேசறதுக்கு உரியதுன்னு அறிஞ்சு பேச வைக்கறது. பள்ளிக்கூடத்துல இத மார்க்குக்குப் படிச்சுட்டு விட்டுட்டோம், ஆனா வசனம் எழுதறவங்களுக்கு இதவிட நல்ல செக்லிஸ்ட் எனக்குத் தெரிஞ்சு கெடையாது, செவுத்துல ஒட்டி வச்சுக்கலாம்.

மொத வேலை, போய்க் கேக்கறது

சேலத்துல எந்தப் பக்கம் போனாலும் சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் கடை இருக்கும். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி வச்சுக் குடுப்பாங்க, வாங்கிட்டு ஓரமா நின்னு பத்து நிமிஷம் கடைக்காரர் பேசறத மட்டும் கேளுங்க. ஸ்கூல் பையன் வந்தா "காசு குடுத்தியாடா?" காலேஜ் பொண்ணு வந்தா "அஞ்சு நிமிசம் பாப்பா, இந்தா ஆச்சு". தெனமும் வர்ற பெரியவருக்கு "இருங்கய்யா, உங்களுக்குக் காரம் இல்லாம தனியாப் போடறேன்". பக்கத்துல பீட்ரூட் துருவிக்கிட்டு இருக்கற சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தையும் இல்ல, கையை மட்டும் நீட்டுவாரு, அவங்க தட்டை எடுத்துக் குடுப்பாங்க. ஒரே மனுஷன், பத்து நிமிஷம், நாலு பாஷை, அதுல ரொம்ப நெருக்கமான ஆளுகிட்டதான் கம்மியான பேச்சு.

வீட்டுக்கு வந்து ஞாபகத்துல இருந்து எழுதுங்க. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் யாருகிட்ட சொன்னதுன்னு குறிச்சு வைங்க, அதுதான் முக்கியம். போன்ல ரெக்கார்டு பண்ணாதீங்க, அது தப்பு, அதோட ரெக்கார்டு பண்ணினா காது வேலை செய்யாது. அப்படியே ஈயடிச்சாங் காப்பியா கதையில போடவும் கூடாது, நெசமான பேச்சுல "அதாவது", "இந்த இது", "என்னது அது" எல்லாம் எக்கச்சக்கமா இருக்கும், படிக்கறவங்களுக்கு அலுத்துப்போயிரும். பத்து வரி கேட்டா ரெண்டு வரிதான் கதைக்கு ஆகும்.

பேச்சை எப்படி எழுத்துல எழுதறது

இதுலதான் நெறைய பேரு தடுமாறறாங்க. வர்ற கதைகள்ல நான் அதிகமாப் பாக்கற தப்பு அரைகுறைக் கலவை, "நீங்க எப்போது வருவீர்கள்?", "நான் அவன்கிட்ட சொல்லிவிட்டேன்டா"ங்கற மாதிரி. தலை பேச்சுல, வால் எழுத்துல. வாய்விட்டுப் படிச்சா நாக்கு இடறும். "நீங்க எப்ப வருவீங்க", "அவங்கிட்ட சொல்லிட்டேன்டா" அவ்வளவுதான். கதை சொல்றவர் எழுத்துத் தமிழ்ல சொல்லட்டும், பேச்சுத் தமிழ்ல சொல்லட்டும், அது உங்க இஷ்டம், ஆனா மேற்கோள் குறிக்குள்ள வந்துட்டா ஒரு ஆளு ஒரே மாதிரிதான் பேசணும். "வர்றேன்"னு எழுதறதா "வரேன்"னு எழுதறதான்னு முதல்லயே முடிவு பண்ணி ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் அதையே பிடிங்க.

அதுக்காக ஒவ்வொரு ஓசையையும் எழுத்துல புடிக்கப் பாக்காதீங்க. வாழப்பழத்த வாளப்பளம், வாயப்பயம்னு கதை முழுக்க எழுதினா படிக்கறவங்க எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும், கூடவே அந்த ஆள நீங்க கிண்டல் பண்ற மாதிரியும் ஆயிரும். "அவன்"னு எழுதியிருந்தா அத மூக்கால எப்படிச் சொல்றதுன்னு தமிழ் படிக்கறவங்களுக்குத் தானா தெரியும். எங்க பக்கத்து ஆளுன்னு காட்டறதுக்கு ஒரு "ங்க", ஒரு "கண்ணு", ஒரு "வந்தர்றேன்" இருந்தாப் போதும். சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் போகப் போக பேச்சுல கொங்கு வாடை கூடும், சேலம் டவுனுக்குள்ள கொறையும், ஆத்தூர்ப் பக்கம் வேற மாதிரி, இதக் கூட கவனிச்சு எழுதினா அந்த ஊர்க்காரங்க ஒரே வரியில உங்கள நம்பிருவாங்க.

இங்கிலீஷ் வார்த்தையப் பத்தியும் கேக்கறாங்க. வாயில பஸ்ஸுன்னு வர்றத பேருந்துன்னு மாத்தாதீங்க. ஆனா அதே ஆளு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறப்ப "பேருந்து வசதி செய்து தருமாறு"ன்னு எழுதுவாரு, அங்க கேக்கறது வேற ஆளு.

ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாசல் வளைவு இன்னும் நிக்குது, 1935-ல டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்ச சினிமா ஸ்டூடியோ. அந்தக் காலத்துப் படங்கள்ல அடுக்குத் தமிழ்ல நீள நீளமா வசனம் பேசுவாங்க, அது தப்புன்னு சொல்லவே மாட்டேன், ஏன்னா அங்க உண்மையில கேக்கறது கொட்டாயில தரையில உக்காந்திருக்கற நூத்துக்கணக்கான ஜனம், அவங்களப் பாத்துதான் பேசறாங்க. சிறுகதையில சமையக்கட்டுல நிக்கற அம்மா மகன்கிட்ட அப்படிப் பேச முடியாது. நம்ம காதுல அந்த ஓசை இன்னும் இருக்கறதால எழுத உக்காந்தா தானா வந்துரும், அதக் கண்டுபிடிச்சு இறக்கி வைக்கணும்.

நீ, நீங்க, ங்க, டா

நம்ம பாஷையில இருக்கற பெரிய ஆயுதம் இது. சேலம் பக்கம் சின்னக் கொழந்தையையே "வாங்க கண்ணு, சாப்பிடுங்க சாமி"ன்னுதான் கூப்பிடற வீடுக நெறைய. அந்த மாதிரி வீட்டுல ஒரு நாள் அந்த "ங்க" இல்லைன்னா, அதுவே ஒரு சம்பவம். மாமனார்கிட்ட இருபது வருஷமா "சரிங்க மாமா"ன்னு சொன்ன மருமக ஒரு நாள் "சரி"ன்னு மட்டும் சொல்லட்டும், நீங்க சண்டையே எழுத வேண்டாம். அதே மாதிரி தெனமும் "டா" போடற அம்மா திடீர்னு "சார் எப்ப வருவீங்க, சோறு எடுத்து வைக்கட்டுங்களா"ன்னு கேட்டா பையனுக்கு வயித்தக் கலக்கும், அம்மா கோவமா இருந்தாங்கன்னு அதுக்கு மேல ஒரு வரி எழுதினா அது வேஸ்ட்டு.

இதுல ஜாதியும் பணமும் இருக்குதுங்கறத மறைக்காதீங்க. அறுபது வயசுப் பெரியவரப் பேர் சொல்லிக் கூப்பிடற பத்து வயசுப் பையன எங்க பக்கம் நான் கண்ணால பாத்திருக்கேன். அந்தப் பையன் வாயில "ஐயா"ன்னு நீங்க திருத்தி எழுதினா கதை நல்ல கதை ஆகாது, பொய்க் கதை ஆகும். அப்படியே எழுதுங்க, பெரியவர் என்ன பதில் சொன்னாருன்னும், சொல்றப்ப எங்க பாத்தாருன்னும் எழுதுங்க.

ஒரு காட்சி எழுதிப் பாக்கலாம்

செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வேலை செய்யறவருக்கு மகள் கல்யாணம் வருது, மொதலாளிகிட்ட அட்வான்ஸ் கேக்கணும். புதுசா எழுதறவங்க இப்படி எழுதுவாங்க:

"முதலாளி, என் மகளுக்கு வரும் ஆவணி மாதம் திருமணம். நான் உங்களிடம் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எனக்கு ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் வேண்டும்."

"மன்னிக்கவும், வெள்ளி விலை ஏறிவிட்டதால் என்னிடம் பணம் இல்லை."

எல்லா விவரமும் இருக்கு, ஆளுங்கதான் இல்ல. பதினஞ்சு வருஷமா வேலை செய்யறது மொதலாளிக்கே தெரியும், அத அவருகிட்டயே எதுக்குச் சொல்லணும்? வாசகருக்காகச் சொல்ற வரி அது, கேரக்டர் வாயில நாம திணிச்சது. இப்ப கேக்கற ஆளப் பாருங்க. மொதலாளி கெட்டவர் இல்ல, இவரு "அண்ணா"ன்னு கூப்பிடறவரு, தீபாவளிக்குத் துணி எடுத்துக் குடுக்கறவரு, ஆனா காசுன்னா கணக்கா இருப்பாரு, கேட்டு இல்லைன்னுட்டா நாளைக்கு மூஞ்சியில முழிக்க முடியாது. அப்ப இவரு எப்படிக் கேப்பாரு?

"அண்ணா, ஆவணி ஒம்பது பட்டறை உண்டுங்களா?"

"ஏன், அன்னிக்கு என்ன?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்."

"புள்ளைக்குத் தேதி வச்சாச்சா?"

"அவங்கதான் வச்சாங்க. நாங்க தை மாசம்னு சொல்லிப் பாத்தோம்."

"நல்லதுதானே."

"நல்லதுதாங்க."

மொதலாளி தராசுத் தட்டைத் துணியால தொடைச்சார்.

"வெள்ளி விக்கற வெலையப் பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"புள்ளைக்குக் கொலுசு நம்மளது. அதப் பத்தி நீ யோசிக்காத."

"சரிங்கண்ணா."

இவரு சலங்கையை எண்ணிக் கிண்ணத்துல போட்டார். பாதியில எண்ணிக்கை விட்டுப்போச்சு, மறுபடியும் மொதல்ல இருந்து எண்ணினார்.

"ஞாயித்துக்கெழமையும் வந்தர்றேனுங்க."

ஐம்பதாயிரம் எங்கயும் வரல, அட்வான்ஸ்ங்கற வார்த்தையே வரல. மொதலாளி கொலுசு குடுத்துக் கதவைச் சாத்திட்டாரு, அதுவும் பாசமாவே சாத்திட்டாரு, இவருக்கு அது புரிஞ்சு போச்சு. சொல்லாம விட்டதுதான் இந்தக் காட்சி, எச்சம்னு தொல்காப்பியர் சொன்னது இதத்தான்னு நான் எடுத்துக்கறேன். எழுதறப்ப ஒரு வழி சொல்றேன், ஆளு மனசுல நிக்கற வாக்கியத்த ஒரு தாள்ல பெருசா எழுதிக்கோங்க, "எனக்கு ஐம்பதாயிரம் குடுங்க"ன்னு. அப்பறம் அந்த வாக்கியத்தத் தொடாம அதச் சுத்தியே பேச வைங்க.

அடுத்தது, அதே ஆளு அதே சேதிய வேற மூணு பேருகிட்டச் சொல்லட்டும். டீக்கடையில கூட்டாளிகிட்ட: "வாயத் தொறக்கவே வுடல மாப்ள அவன்." பட்டறைக்குள்ள அண்ணன், வெளிய வந்தா அவன். வீட்டுல சம்சாரத்துகிட்ட: "கொலுசு அவரே போட்டர்றாராம்." அதுக்கு அவங்க: "கொலுசப் போட்டுவுட்டா பந்திக்குச் சோறு வந்துருமா?" ராத்திரி மககிட்ட: "அதெல்லாம் ஆயிரும், நீ தூங்கு கண்ணு." இந்தப் பயிற்சிய ஒரு வாரம் பண்ணினா போதும், உங்க கேரக்டர் எல்லாம் ஒரே குரல்ல பேசற பிரச்சனை போயிரும்.

பக்கத்துல கேக்கற காது

சங்க அகப்பாட்டுக எல்லாமே யாரோ ஒருத்தரோட கூற்றுதான், தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்றுன்னு கீழ போட்டிருக்கும். அதுல சில பாட்டுக்கு "தலைவன் சிறைப்புறமாக"ன்னு குறிப்பு வரும். தோழி பேசறது தலைவிகிட்ட, ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் தலைவன் நிக்கறான்னு தெரிஞ்சே, அவன் காதுல விழணும்னே பேசறா. நம்ம வீட்டுல இதுக்குப் பேரு ஜாடை பேசறது. மாமியார் பூனைகிட்ட சொல்லுவாங்க, "உனக்கென்ன, எட்டு மணி வரைக்கும் தூங்கு, கேக்க ஆளா இருக்குது". பூனைக்கா சொன்னாங்க? மூணாவதா ஒரு ஆள அறையில வச்சாலே பேச்சு முறுக்கிக்கும், ரெண்டு பேரு பேசற காட்சி சப்புன்னு இருந்துச்சுன்னா நான் மொதல்ல செஞ்சு பாக்கறது அதத்தான்.

சேலத்துல இன்னொண்ணும் நடக்கும். தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் வீட்டுல பேசறவங்க இங்க நெறைய. விருந்தாளி முன்னாடி அம்மாவும் மகனும் திடீர்னு வீட்டுப் பாஷைக்கு மாறிட்டா, என்னமோ மறைக்கறாங்கன்னு விருந்தாளிக்கு விளங்கிரும். அந்தப் பாஷை உங்களுக்குத் தெரியலைன்னா தப்புத்தப்பா எழுதாதீங்க, "அம்மா தெலுங்குக்கு மாறினாங்க"ன்னு ஒரு வரி, அப்பறம் விருந்தாளி காபி டம்ளரப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு ஒரு வரி.

இடம் பேச்சை என்ன செய்யுது

அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறி ஓடற வீட்டுல போய்ப் பேசிப் பாருங்க. சத்தத்துல ரெண்டு வார்த்தைக்கு மேல கத்த முடியாது, "சோறு!" "அப்பறம்!", மிச்சம் எல்லாம் கை ஜாடை. திடீர்னு கரண்ட் போகும். அந்த அமைதியில காலையில இருந்து அடக்கி வச்சிருந்தது வெளிய வரும், இல்லைன்னா கத்திக்கிட்டு இருந்த வாக்கியத்தோட பாதி மட்டும் தெருவுக்கே கேட்டு நிக்கும். காட்சிய அங்க வச்சீங்கன்னா கரண்ட் போறதே உங்களுக்கு ஒரு திருப்பம்.

ஏற்காட்டுல காபிப் பழம் பறிக்கற சமயம், மார்கழி தை குளிர்ல, பொம்பளைங்க செடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் நின்னுக்கிட்டு பேசிக்கிட்டே பறிப்பாங்க. மூஞ்சி தெரியாது, கை நிக்காது. கேள்வி கேட்டுட்டு ரெண்டு கிளை தாண்டினப்பறம்தான் பதில் வரும். நேருக்கு நேரா சொல்ல முடியாதத அங்க சொல்லிரலாம். மலைக்குப் போற பஸ்ஸுல இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் பேச்சு அறுந்து கம்பியப் புடிச்சுக்கிட்டு மறுபடியும் ஆரம்பிக்கும், அறுந்து போனப்பறம் அதே விஷயத்துக்கு யாரு திரும்பி வர்றாங்க, யாரு பேச்ச மாத்தறாங்கன்னு பாருங்க, அவங்க உறவு என்னன்னு தெரிஞ்சிரும்.

என்றான், என்றாள்

இதுக்கு ரொம்ப நேரம் வேண்டாம். "வினவினாள்", "கர்ஜித்தான்", "முழங்கினார்" எல்லாம் விட்டுருங்க, சொன்னான், கேட்டாள் போதும், பாதி எடத்துல அதுவும் வேண்டாம். ஓலைச்சுவடியில மேற்கோள் குறியே கெடையாது, "என்று", "என"ங்கற சொல்லும் வினை விகுதியும் யாரு பேசினாங்கன்னு காட்டிச்சு. நமக்கும் அப்படித்தான், "வாடி", "வாங்கய்யா", "வா கண்ணு"ங்கறதுலயே பேசறவரும் கேக்கறவரும் தெரிஞ்சிரும். வரிக்கு வரி பேர் சொல்லிக் கூப்பிட வைக்காதீங்க, வீட்டுக்குள்ள யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடறதில்ல. பேச்சுக்கு நடுவுல கைக்கு ஒரு வேலை குடுங்க, ஆனா அந்த வேலை அந்த ஆளோட வேலையா இருக்கணும், சலங்கை எண்ணறவர் எண்ணட்டும், சும்மா சும்மா பெருமூச்சு விட்டு ஜன்னலுக்கு வெளிய பாக்க வேண்டாம்.

வாய்விட்டுப் படிச்சு வெட்டறது

எழுதி முடிச்சு ரெண்டு நாள் கழிச்சு யாருக்காச்சும் படிச்சுக் காட்டுங்க, எழுதாத ஆளா இருந்தா இன்னும் நல்லது. நீங்களே மூச்சு வாங்கற எடத்துல வரி நீளம். அவங்க "யாரு இது சொன்னது?"ன்னு கேட்டா அங்க குரல் பிரியல. அப்பறம் ஒவ்வொரு காட்சியிலயும் மொத ரெண்டு வரியையும் கடைசி ரெண்டு வரியையும் கையால மூடிட்டுப் படிங்க. "வாங்க, நல்லா இருக்கீங்களா, காபி சாப்பிடறீங்களா"ன்னு வர்றது எல்லாம் பெரும்பாலும் போயிரும்.

அந்தப் பட்டறைக் காட்சியில கூட கடைசியில இன்னும் ரெண்டு வரி வச்சிருந்தேன். ஞாயித்துக்கெழமையும் வந்தர்றேன்னு அவரு சொன்னதுக்கு மொதலாளி, "எதுக்குப்பா, லீவு நாள்ல ரெஸ்ட் எடு"ன்னு சொல்லுவாரு, அதுக்கு இவரு, "வீட்டுல இருந்து என்னங்கண்ணா பண்றது"ன்னுவாரு. நல்ல வரிகதான், எழுதறப்ப எனக்குப் புடிச்சிருந்துச்சு. சத்தமாப் படிச்சப்ப மொதலாளி பதில் சொல்லாம தராசத் தொடைச்சுக்கிட்டே இருக்கறதுதான் சரின்னு பட்டுச்சு, எடுத்துட்டேன்.